பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஒரு நாள்: சுரங்கத்தை விடுங்கள், ஊரைப் பாருங்கள்

'கே.ஜி.எஃப்.' படம் வந்த பிறகு நம் ஊர்ப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல், கிளம்பிவிடுகிறார்கள், அங்கே போய் எதிரில் வருகிறவரை எல்லாம் நிறுத்தி "மைன் எங்கே இருக்கு?" என்று கேட்கிறார்கள், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு சுரங்கக் கழிவைக் கொட்டின சயனைடு மேட்டின் மேல் ஏறி நாலு போட்டோ, அப்புறம் கோடிலிங்கேஸ்வரர் கோயில், அப்புறம் வீடு. ஊரை மட்டும் பார்க்காமலே திரும்பி வருகிறார்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடியாயிற்று. உள்ளே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, யாருக்குச் சிபாரிசு இருந்தாலும் கீழே இறக்கிவிட மாட்டார்கள். அதனால் அந்த ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு ரயில் கிளைப்பாதை எப்படி ஓர் ஊரை வளர்த்தது, அந்த ஊரின் பழைய கடைவீதி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கிற எண்ணத்தோடு போங்கள். அப்படிப் போனால் ஒரு நாள் போதாது என்று தோன்றும். பெங்களூரில் இருக்கிற தமிழர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் இப்படி ஒரு ஊர் கிடையாது.

முதல் விஷயம், ரயிலில் போங்கள். கார் வைத்திருப்பவர்கள் பழைய மெட்ராஸ் ரோட்டில் கோலார் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போய்விடலாம்தான், ஆனால் இது ரயிலோடு வளர்ந்த ஊர், ரயிலில் போய் இறங்கினால்தான் ஊரின் அமைப்பு புரியும். சிட்டி ஸ்டேஷன், கன்டோன்மென்ட், கே.ஆர்.புரம், ஒயிட்ஃபீல்டு எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம், கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் போகிற மெமு (குறுந்தூர மின்சார ரயில்) எது என்று மட்டும் பார்த்து ஏறுங்கள். அது கிடைக்கவில்லை என்றால் ஜோலார்பேட்டை பக்கம் போகிற ஏதாவது ஒரு வண்டியில் பங்காருப்பேட்டையில் இறங்கி மாறிக்கொள்ளலாம், ஆனால் எக்ஸ்பிரஸ் என்றால் அதற்குரிய டிக்கெட் எடுங்கள். பெங்களூரைச் சுற்றி ஓடும் மெமுக்களில் சில ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை, அதனால் முந்தின நாள் இரவே ஆப்பில் நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் சனிக்கிழமைதான் நல்ல நாள்.

இடம் கிடைக்குமா என்று கவலை வேண்டாம். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் ஜனங்கள் பிழைப்புக்கு பெங்களூரைத்தான் நம்பியிருக்கிறார்கள், விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறார்கள், இரவு அதே வண்டியில் திரும்புகிறார்கள். காலையில் அங்கிருந்து வருகிற வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது, நாம் போவது எதிர்த்திசை, ஜன்னல் சீட்டே கிடைக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் இதே கணக்குதான், கூட்டம் நமக்கு எதிரே வரும். வேலைநாளில் போகிறவர்கள் கன்டோன்மென்டில் ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் நின்று, கே.ஜி.எஃப்.பிலிருந்து வரும் வண்டியிலிருந்து இறங்குகிற கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் அப்பார்ட்மென்ட் வாசலில் நிற்கிற செக்யூரிட்டியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பெண் வரை அதில் இருப்பார்கள். போகிற ஊரின் இன்றைய நிலவரத்தை அந்த பிளாட்பாரமே சொல்லிவிடும்.

வழியில் ஒயிட்ஃபீல்டு தாண்டினதும் கட்டடம் குறைந்து நிலம் விரிய ஆரம்பிக்கும். மாலூர் ஓட்டுக்கும் செங்கலுக்கும் பேர்போன இடம், சூளைகளும் தைல மரத் தோப்புகளும் வரும். தியாகல் பக்கம் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து நிற்பதைப் பார்க்க மறக்காதீர்கள், தூங்கிக்கொண்டு வருகிறவர்களை எழுப்பிவிடலாம். பங்காருப்பேட்டை வந்ததும் கவனம். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு மெட்ராஸ் ரயில்வே பாதை போட்டது 1864இல், அந்தப் பாதையில் வந்த ஸ்டேஷன்தான் இது. மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் பேரில் பௌரிங்பேட்டை என்றுதான் ரொம்ப நாள் இருந்தது. நம் சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரிக்குப் பேர் கொடுத்தவரும் அதே ஆள்.

இங்கிருந்து பிரிகிற பதினாறு கிலோமீட்டர் கிளைப்பாதை 1894இல் திறந்தது. தங்கவயலுக்காகவே போட்ட பாதை. உள்ளே போவது நிலக்கரி, இயந்திரம், மரம், அரிசி, ஆள். வெளியே போவது தங்கம். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக வருகிற ஸ்டேஷன் பேர்கள் எல்லாம் அந்தந்த இடத்துச் சுரங்கங்களோடு ஒட்டி வந்தவை. ஒரே ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் இருப்பதற்குக் காரணம் இதுதான், ஒவ்வொரு சுரங்கமும் ஒரு தனி ஊர் மாதிரி, தொழிலாளர்களுக்குத் தனி லைன் வீடுகள், தனி ஆஸ்பத்திரி, தனிக் கோயில், தனி கால்பந்து டீம் என்று இருந்தது.

எங்கே இறங்குவது? கடைசி ஸ்டேஷனான மாரிக்குப்பம் வரை போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவிலும் நடந்தும் வடக்கே, கடைவீதி இருக்கிற ராபர்ட்சன்பேட்டை பக்கம் வருவதுதான் சுலபம். வெயில் ஏறுவதற்குள் திறந்தவெளிப் பகுதிகளைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் கடைவீதிக்குள் நுழைந்துவிடலாம். பெரியவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் உரிகத்தில் இறங்கி நேரே ராபர்ட்சன்பேட்டைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள், மீதியைக் காரில் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மாரிக்குப்பத்தில் இறங்கினதும் காதில் விழுவது தமிழ். கன்னடமும் தெலுங்கும் உருதுவும் உண்டு, ஆனால் தெருவில் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். 1880இல் ஜான் டெய்லர் என்கிற இங்கிலாந்து சுரங்கக் கம்பெனி இங்கே வந்து வேலையை ஆரம்பித்த பிறகு வட ஆற்காடு பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு இங்கே இருக்கிறார்கள், அதிலும் பெரும்பாலோர் தலித் மக்கள், ஊரில் கூலிக்கும் அடிமைத்தனத்துக்கும் இருந்ததைவிட சுரங்கத்துக்குள் போவதே மேல் என்று வந்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அதையே மேல் என்று தேர்ந்தெடுத்தார்கள் என்றால் ஊரில் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டிலிருந்தே ஷாஃப்டுகளின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்குகிற கிணறுகளின், இரும்புக் கோபுரங்கள் தெரியும். வெளியில் நின்று பாருங்கள், படம் எடுங்கள், வேலி தாண்ட வேண்டாம். நிலமும் கட்டடங்களும் அரசு நிறுவனமான பாரத் கோல்ட் மைன்ஸ் சொத்து, காவலாளி இருப்பார், அவரிடம் மரியாதையாகக் கேட்டால் எதுவரை போகலாம் என்று சொல்வார். வேலி இல்லாத இடத்தில்கூட புதர் மண்டின பழைய குழிகள் இருக்கலாம், பாதையை விட்டு இறங்காதீர்கள்.

லைன் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூங்கில் தட்டி வைத்துக் கட்டின ஒற்றை அறை வீடுகள் வரிசை வரிசையாக இருந்தவைதான் பிறகு சுவரும் ஷீட்டுமாக மாறின, இன்றைக்கும் அதே வரிசையில் குடும்பங்கள் வாழ்கின்றன. இது பாழடைந்த காட்சிப்பொருள் கிடையாது. வாசலில் துணி காயப்போட்டிருக்கிற அக்காவைக் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். திண்ணையில் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தால் "ஐயா, நீங்க எந்த மைன்ல வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும், எந்த மைன் என்று கேட்டால் உட்காரச் சொல்வார்கள். சாம்பியனா, நந்திதுர்க்கா, மைசூர் மைனா என்பதில் இன்னும் பெருமையும் போட்டியும் இருக்கிறது. பாறை வெடித்து வீடு ஆடினது, ஷிஃப்டுக்கு ஷிஃப்டு சங்கு ஊதினது, எல்லாம் வரும். சிலிக்கா தூசியில் நுரையீரல் போனவர்கள் நிறையப் பேர், மூச்சு வாங்கினால் பேச்சை நீட்டாமல் எழுந்துவிடுவதுதான் முறை. வேலை முடிந்தபோது கைக்கு வந்த பணத்தைப் பற்றியும் வீட்டுப் பட்டாவைப் பற்றியும் நீங்களாகக் கிளற வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

சயனைடு மேடுகள் தானாகவே கண்ணில் படும், தேட வேண்டியதில்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டின அரைத்த பாறைத் தூள் அது, மூன்று கோடி டன்னுக்கும் மேல், சின்னச் சின்ன மலை மாதிரி பழுப்பு வெள்ளையாக நிற்கிறது. ஏறாதீர்கள். மழையில் அரித்து விளிம்பு சரியும், காற்றடித்தால் தூள் மூக்கிலும் கண்ணிலும் போகும், அதைக் காலமெல்லாம் சுவாசிக்கிற ஜனங்கள் கீழே இருக்கும்போது நாம் மேலே நின்று ரீல்ஸ் போடுவது எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ரோட்டில் நின்று பார்த்தாலே அளவு புரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று மாதங்களைத் தவிர்க்கலாம், போனால் மாஸ்க் எடுத்துப் போங்கள்.

சாம்பியன் ரீஃபில் வெற்றி மாதா கோயில் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அப்புறம் இங்கே இன்னொரு வரலாறும் உண்டு, பெங்களூர்க்காரர்களுக்கே தெரியாதது. அயோத்திதாச பண்டிதரின் தமிழ் பௌத்த இயக்கத்துக்குச் சென்னைக்கு அடுத்தபடியாக வேர் பிடித்த இடம் தங்கவயல்தான். அவர் நடத்தின 'தமிழன்' இதழ் அவர் காலத்துக்குப் பிறகு 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு வந்தது, சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்துதான் பௌத்த, பகுத்தறிவு நூல்களைப் பதிப்பித்தது. பகலில் சுரங்கம், இரவில் வாசிப்பு என்று இருந்த ஒரு தொழிலாளர் ஊர். 1930இல் கைரேகை எடுக்கிற உத்தரவை எதிர்த்து மொத்த வயலும் வேலைநிறுத்தம் செய்ததும் 1946 போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் விட்டதும் இங்கேதான். தியாகிகள் நினைவிடம் எங்கே என்று எந்தப் பழைய தொழிற்சங்கக்காரரைக் கேட்டாலும் காட்டுவார்.

அங்கிருந்து உரிகம் பக்கம் வந்தால் காட்சியே மாறிவிடும். பெரிய மரங்கள், சரிவான கூரை போட்ட பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், சர்ச். துரைமார்கள் இருந்த பகுதி, குட்டி இங்கிலாந்து என்றே பேர். கிளப்புக்குள் உறுப்பினர் இல்லாமல் விட மாட்டார்கள், வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. லைன் வீட்டையும் இந்த பங்களாவையும் ஒரே மணி நேரத்துக்குள் பார்க்கும்படி திட்டம் போடுங்கள், அந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் மாரிக்குப்பத்தில் இறங்கச் சொன்னேன். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து முதலில் மின்சாரம் கொடுத்தது இந்த வயலுக்குத்தான், பெங்களூருக்கு வந்தது 1905இல். நம் லவெல் ரோடும் இங்கிருந்து வந்த பேர்தான். பழைய பத்திரிகையில் கோலார் தங்கத்தைப் பற்றிப் படித்துவிட்டு 1870களில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தேடி வந்த ஐரிஷ்காரர் லவெல், 1875இல் தோண்ட உரிமம் வாங்கி, பிறகு பெங்களூரில் வீடு கட்டி அதற்கு உரிகம் ஹவுஸ் என்றே பேர் வைத்தார். இயற்பியல் பிடித்த பிள்ளைகள் கூட வந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள், வளிமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோவை உலகத்தில் முதன்முதலாக 1965இல் பதிவு செய்தவற்றில் ஒன்று இந்தச் சுரங்கத்துக்கு அடியில், டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து வைத்த சோதனை.

இனி ராபர்ட்சன்பேட்டை. நாளில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். சுரங்கக் கம்பெனியின் இடத்துக்கு வெளியே, பிளேக் பயமும் நெரிசலும் சேர்ந்து நெருக்கின காலத்தில், இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது மைசூர் அரசு கோடு போட்டு அமைத்த ஊர் இது, பேர் அப்போது மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ராபர்ட்சனுடையது. தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும், நேர்ரோடு, குறுக்கே கிராஸ், மறுபடி கிராஸ். நம் ஃப்ரேசர் டவுனைத் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும், அதுவும் பிளேக் போட்ட ஊர்தானே. அதனால் மேப் பார்க்காமல் நடக்கலாம், தொலைந்துபோக முடியாது. சூரஜ்மல் சர்க்கிளில் ஆரம்பியுங்கள், கீதா ரோடு, பிரிட்சர்ட் ரோடு என்று பிடித்து, நடுவில் இருக்கிற எம்.ஜி. மார்க்கெட்டுக்குள் ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியே வாருங்கள்.

கடைவீதியில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை: கண்ணை ஒரு மாடி உயர்த்துங்கள். கீழே ஷட்டரும் ஃபிளெக்ஸ் போர்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான், அதற்கு மேலேதான் பழைய ஊர் இருக்கிறது, காரைப் பூச்சு, மரச் சட்டம் போட்ட ஜன்னல், சில இடத்தில் நெற்றியில் வருஷமோ கட்டினவர் பேரோ. அப்புறம் எந்தக் கடை எத்தனை என்று கவனியுங்கள். அடகுக் கடையும் நகைக் கடையும் இந்த அளவு ஊருக்குத் தேவைக்கு மேல் இருக்கிறதே என்று தோன்றும். சம்பளத்துக்கு முன்னால் பணம் தேவைப்பட்ட தொழிலாளியும் ராஜஸ்தானிலிருந்து வந்து கடை வைத்த சேட்டும் சேர்ந்து உண்டாக்கின வியாபாரம் அது, சேட்டுக்கடைப் பெரியவர்கள் நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார்கள். துணிக்கடை, பாத்திரக்கடை, தையல்காரர், சைக்கிள் கடை, போட்டோ ஸ்டூடியோ என்று சுரங்கச் சம்பளத்தை நம்பி வந்தவை எவை, பெங்களூர்ச் சம்பளத்தை நம்பிப் புதிதாக வந்தவை எவை என்று பிரித்துப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது. ஸ்டூடியோ பழையதாக இருந்தால் உள்ளே போய் சுரங்கக் காலத்துப் படம் ஏதாவது சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், ஆனால் சும்மா கேட்காமல் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு கேளுங்கள், எப்படியும் எதற்காவது தேவைப்படும்.

கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பணம் எல்லா இடத்திலும் ஓடும், ஆட்டோவில் மட்டும் சில்லறை நல்லது, ஏறும்முன் ரேட் பேசிவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் கட்டாயம். இந்த ஊர் தண்ணீருக்கு என்றைக்கும் கஷ்டப்பட்ட ஊர், பேத்தமங்கலத்தில் பாலாற்று ஏரியிலிருந்து குழாய் போட்டுத்தான் வயலுக்கே தண்ணீர் வந்தது, அதே பாலாறுதான் கீழே வாணியம்பாடி, வேலூர் என்று போகிறது. கழிப்பறைக்கு சாப்பிடுகிற ஓட்டலையே நம்புங்கள். காலை டிபனை கன்டோன்மென்டிலேயே முடித்துவிட்டு ஏறினால் மதியச் சாப்பாடு ராபர்ட்சன்பேட்டையில், கூட்டம் இருக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. போகச் சரியான காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மழை நின்று தூசி கிளம்பாத நேரம்.

கோடிலிங்கேஸ்வரர் கோயிலை இதே நாளில் சேர்க்காதீர்கள். கம்மசந்திரத்தில் இருக்கிறது, 108 அடி லிங்கம், வீட்டில் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள், எனக்கும் தெரியும். போக வர, வரிசையில் நிற்க என்று இரண்டு மூன்று மணி நேரம் அது தின்றுவிடும், கடைவீதி அடிபட்டுப் போகும். கேட்பவர்களை இன்னொரு நாள் காரில் கூட்டிப் போங்கள், அன்றைக்கு பேத்தமங்கலம் ஏரியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது உரிகத்தில் ஏறி பங்காருப்பேட்டையில் இறங்கிவிடுங்கள். பெங்களூரில் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டி விற்கிற பங்காருப்பேட்டை பானிபூரியை அந்த ஊரிலேயே சாப்பிடாமல் வரக்கூடாது, ரசம் பச்சையாக இருக்காது, வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், வாயில் போட்டதும்தான் காரம் தெரியும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து யாரைக் கேட்டாலும் ஒரு கடையைக் காட்டுவார்கள், ஒவ்வொருவரும் வேறு கடையைக் காட்டுவார்கள். பெங்களூர் போகிற வண்டிகள் இங்கே நிறைய, ஒன்றை விட்டாலும் அடுத்ததைப் பிடிக்கலாம். ஆனால் மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வரும் கடைசி மெமு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே ஸ்டேஷனில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் பங்காருப்பேட்டைக்கோ கோலாருக்கோ பஸ் கேட்டு ஏற வேண்டியதுதான்.